ரிஜெக்ட் சார் வாங்கிய சோலார்

அந்தத் தெருவில் புதிதாக ஒரு சாமான் வாங்கினவர்கள் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். முன்பக்கமாகப் போனால் ரிஜெக்ட் சார் வீட்டைத் தாண்டியாக வேண்டும். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். "என்ன அது, மிக்சியா? கொண்டாங்க, பாப்போம்" என்பார். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று கொடுத்தால் தொலைந்தது. விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார், மூடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்ப்பார். கடைசியில் உதட்டைப் பிதுக்கி, "சரி, வாங்கிட்டீங்க. இனிமே என்னத்தச் சொல்றது" என்று திருப்பிக் கொடுப்பார். அதற்குப் பிறகு அந்த மிக்சி என்னதான் நன்றாக அரைத்தாலும் வாங்கினவர் காதுக்கு அது முனகுகிற மாதிரியே கேட்கும்.

மின்விசிறி செய்கிற தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தர ஆய்வாளர் என்றால் முழு விசிறிக்கும் இல்லை, இறக்கைக்கு மட்டும். இறக்கை வரும். எடை போடுவார், வளைவை அளப்பார், பெயிண்டை நகத்தால் சுரண்டுவார். தேறினால் பச்சை ஸ்டிக்கர், தேறாவிட்டால் சிவப்பு, அதாவது ரிஜெக்ட். பச்சை ஒட்டினது பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும். அங்கே மோட்டாரையும் தண்டையும் இறக்கையையும் பூட்டி ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள். அந்தப் பிரிவுக்கு அசெம்ப்ளி என்று பெயர். அந்தக் கட்டடத்துக்குள் சார் தன் பணிக்காலத்தில் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. கூப்பிட்டபோதும் போனதில்லை. அது தன் வேலை இல்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குவதும் அந்தத் தொழிற்சாலை விசிறிதான். மாட்டின நாளிலிருந்து 'கிரீச், கிரீச்' என்று கத்திக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தால் போதும், சார் முந்திக்கொள்வார்.

"சத்தம் இறக்கைல இல்ல. மோட்டார்ல."

சொல்லிவிட்டு, வழக்கில் ஜெயித்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். விசிறி அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும்.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் அவருக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அதை மேடையிலேயே திருப்பிப் பார்த்து, பின்மூடி சரியாக உட்காரவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு வந்தார். ஆனால் பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் சுருள்களை மட்டும் கேட்டு வாங்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அந்த ஸ்டிக்கருக்குப் பசை தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். ஒட்டினால் ஒட்டினதுதான். தண்ணீரில் ஊறப்போட்டாலும் வராது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் வராது. அவர் வீட்டு வாளியில், கரண்டியில், கதவுத் தாழ்ப்பாளில், துணி காயப்போடுகிற கம்பியில் எல்லாம் சிவப்பு சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சையைப் பார்ப்பது அபூர்வம். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்கு மட்டும் வெளிப்படையாக ஒட்டவில்லை. வரிசையாக ஒவ்வொருவனிடமும் ஒரு நொட்டை கண்டுபிடித்துத் தள்ளிக்கொண்டே போனார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகள் தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு, விமானம் ஏறப்போகும்போது போன் செய்து சொன்னாள்.

இப்பேர்ப்பட்டவரோடு குடும்பமும் நடத்திக்கொண்டு, முன்னறையில் எம்பிராய்டரி மிஷினும் ஓட்டிக்கொண்டிருந்தார் அவர் மனைவி. தெருவுக்கே அவர் எம்பிராய்டரி அக்கா. அந்த மிஷினை யாரோ கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சார் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்த சமயத்தில் வாங்கினார். அதனால்தான் அது வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. திரும்பி வந்த சார் அதன் முதுகில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். அக்கா அதன்மேல் ஊசி குத்தி வைக்கிற பஞ்சுப் பையைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த வீட்டில் வேறு எதுவும் அக்காவின் இஷ்டப்படி வந்ததில்லை. மிஷின் ஓடுகிற நேரம்தான் அவர் தனக்காக வாழ்ந்த நேரம் என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

வேலை கொடுத்தவர் கடைத்தெருவில் சீருடைக் கடை வைத்திருந்த அம்மாள். பள்ளிக்கூடச் சட்டைகளின் பையில் சின்னம் தைக்க வேண்டும். திறந்த புத்தகம், அதற்கு மேலே சற்று எட்ட ஒரு விளக்கு. சின்ன வேலைதான். ஆனால் நடுவில் கரண்ட் போய்விட்டால் அந்தப் பழைய மிஷினுக்குத் தான் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். கரண்ட் வந்ததும் அது தனக்குத் தோன்றின இடத்தில் ஆரம்பிக்கும். அந்த ஊரில் கரண்ட், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி, எப்போது எழுந்து போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் கடைக்காரம்மாள் ஒரு சட்டையை விரித்துக் காட்டினார்.

"என்னக்கா இது? புத்தகம் தீப்பிடிச்சு எரியுதே!"

"நடுவுல கரண்ட் போயிடுச்சும்மா. விளக்கு எடம் மாறி உக்காந்துடுச்சு."

"ஸ்கூல்ல கேட்டா நான் என்ன சொல்றது? புதுப் பாடத்திட்டம்னா?" அம்மாள் சிரிக்கத்தான் செய்தார். அடுத்து சொன்னதில் சிரிப்பு இல்லை. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்னாடி பெரிய ஆர்டர் வருது. இந்த மாதிரி வந்துச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

அக்கா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சரக்கு வண்டி ஓட்டுகிற அவர் தம்பி வந்திருந்தான். "அக்கா, கம்ப்யூட்டர் கடைல சின்னதா பெட்டி ஒண்ணு விக்கறாங்க. கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கும். நாளைக்கே வாங்கிட்டு வர்றேன்" என்றான்.

சார் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "அந்தப் பெட்டியா? அது கொடுக்கற கரண்ட்டோட அலையே சுத்தமில்ல. என் வீட்டுக்குள்ள அது வரக்கூடாது."

"அப்ப என்னதாங்க பண்றது?" என்றார் அக்கா.

"சோலார் போட்டுடலாம். எங்கிட்ட விடு. தரமா போட்டுத் தர்றேன்."

பாவம், அக்காவின் முகம் அப்படி மலர்ந்தது. மைத்துனன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தெருமுனையில் சோலார் கடை ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் மூவரும் அங்கே போனார்கள். கடைக்காரர் பொறுமைசாலி. பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி, கம்பி, தாங்குகிற சட்டம் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டைக் காட்டினார். "மிஷினுக்கு இது போதும்மா. ஒண்ணுக்கொண்ணு பாத்துப் போட்டதுதான். எது கெட்டாலும் எங்கிட்டயே வாங்க, நான் பதில் சொல்றேன்" என்றார்.

"எப்ப மாட்டுவீங்க?" என்று கேட்டார் அக்கா.

"நீங்க சரின்னா நாளைக்கே."

சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேனலைச் சுற்றி வந்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார், காந்தத்தை எடுத்தார், ஒரு சின்ன மட்டப்பலகையை எடுத்தார். பேனலின் சட்டத்தில், மேல் மூலையில், இரண்டு பட்டை சேருகிற இடத்தில் நூலிழை அளவு ஏற்றத்தாழ்வு இருந்தது. சார் அதை விரலால் தடவி, கண்ணை மூடித் திறந்தார்.

"இது என்னங்க?"

"அது சட்டம் சார். வெயில் கண்ணாடில விழப்போகுது. சட்டத்துல என்ன?"

"இதுல கவனமில்லாதவன் உள்ள எதுல கவனமா இருந்திருப்பான்? செட்டா விக்கறான்னாலே எதையோ நடுவுல ஒளிச்சு விக்கறான்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். கடைக்காரர் "சார், சார்" என்று ஓடி வருவதற்குள் சிவப்பு ஸ்டிக்கர் சட்டத்தில் ஏறிவிட்டது.

கடைக்காரர் அதை நகத்தால் சுரண்டினார், கத்தியால் சுரண்டினார். அது அசைந்து கொடுக்கவில்லை. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வரும் வழியில் சார் ஆனந்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

"நல்ல வேளை, மாட்டியிருப்போம்."

அன்று ஆரம்பித்தது தேடல். எது எங்கே சிறந்ததோ அதை அங்கேதான் வாங்குவது என்று சார் முடிவு செய்தார். பேனலுக்கு ஒரு கடை, இன்வெர்ட்டருக்கு ஒரு கடை, பேட்டரிக்கு இன்னொரு ஊர். பேனலை வாங்கும்போது அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று மின்சாரம் பாய்ச்சி எடுத்த படம் வேண்டும் என்று அடம்பிடித்தார். நோயாளியே இத்தனை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள மாட்டான் என்று அந்தக் கடையில் அலுத்துக்கொண்டார்கள். கம்பியை ஒரு சாண் வெட்டி வாங்கி வந்து, உறையைப் பிரித்து, செம்பின்மேல் ஈயம் பூசியிருக்கிறதா என்று ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்த்தார். சட்டத்துக்கான இரும்பை உப்புத் தண்ணீரில் போட்டுச் சமையலறையில் வைத்தார். அக்கா அது ஏதோ ஊறவைத்திருக்கிறது என்று எடுத்துக் கழுவிவிட, சோதனை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

இதில் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அவர் போன கடை எதிலும் ஆள் முட்டாள் இல்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மத்த சாமானெல்லாம் என்ன வாங்கியிருக்கீங்க சார்?"

"அது உங்களுக்கு எதுக்கு? உங்க சாமானைக் காட்டுங்க."

தொழிற்சாலைப் பழக்கம் அது. இறக்கைத் தகடு கொடுக்கிறவனிடம் மோட்டார் கொடுக்கிறவனைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விட்டால் இருவரும் கூடிப்பேசி ஏமாற்றிவிடுவார்கள். ஆய்வாளர் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். சாரும் கட்டிக்கொண்டார். பேட்டரிக் கடைக்காரருக்கு இன்வெர்ட்டர் இருப்பதே தெரியாது. இன்வெர்ட்டர் கடைக்காரர், பேனலைப் பற்றிக் கேட்கப் போய், "நீங்க என்ன, துப்பறியறீங்களா?" என்று திட்டு வாங்கினார்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஏற்றி வருவது மைத்துனனின் வண்டி. குழியில் இறங்கினால், "டேய், உள்ள இருக்கறது கண்ணாடி!" என்று சார் அலறுவார். "மாமா, நான் ஓட்டறதும் ரோடுதான், மெத்தை இல்ல" என்பான் அவன். பேனல்கள் படுக்கையறைச் சுவரோரம் போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. அதற்காகக் கட்டில் நடுவறைக்கு நகர்ந்தது. பேட்டரி பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அக்கா துணி வெட்டுகிற மேசையில் இன்வெர்ட்டர் ஏறியது. அக்கா தரையில் இறங்கினார். எல்லாவற்றின்மேலும் பச்சை ஸ்டிக்கர். அந்த வீட்டில் அத்தனை பச்சையை அக்கா பார்த்ததே இல்லை. தினமும் காலையில் சார் மெல்லிய துணியால் அவற்றைத் துடைப்பார். ஒட்டடை அடிக்கக்கூட யாரையும் பக்கத்தில் விடமாட்டார்.

"உத்தரவாதம் வாங்கின தேதியிலருந்து கணக்கு மாமா. பெட்டிக்குள்ள தூங்கறதுக்கெல்லாம் உத்தரவாதம் ஓடிட்டிருக்கு" என்றான் மைத்துனன்.

"அவசரப்பட்டவன் எதையும் உருப்படியா வாங்கினதில்ல."

"உருப்படியா வாங்கிட்டீங்க மாமா. எரியறதுக்குத்தான் ஒண்ணையும் காணோம்."

இதற்கு நடுவே கரண்ட் போய் வந்துகொண்டுதான் இருந்தது. அக்கா சட்டைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். ஒரு விளக்கைப் பிரிப்பதற்குள் கண் பூத்துப்போகும். பெரிய ஆர்டர் வந்து இறங்கிவிட்டது. "இன்னும் எவ்வளவு நாளுங்க?" என்று அக்கா கேட்பார். "பேனல் கம்பியைக் கோக்கற கனெக்டர் ஒண்ணுதான் பாக்கி. அதுல ஏமாந்துட்டா அவ்வளவும் போச்சு" என்பார் சார். அதில் அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

ஒருவழியாக எல்லாம் சேர்ந்தன. மாட்டுவதற்கு ஒரு மெக்கானிக் வந்தார். அவருக்கு மதியத்துக்குள் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். வந்ததிலிருந்து தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்னறையில் அக்கா மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆர்டரில் பெரும்பகுதி முடிந்திருந்தது. இன்றோடு கரண்ட் கவலை தீர்ந்தது என்று அவருக்கு மனம் லேசாகியிருந்தது. வழக்கமாக வாயைத் திறக்காதவர், ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தார்.

சார் போர்வைகளை விலக்கி ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைத்தார். மெக்கானிக் இன்வெர்ட்டரின் முதுகைப் பார்த்தார். பேட்டரியின் முதுகைப் பார்த்தார். போனில், "இருப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி இன்வெர்ட்டரைப் பார்த்தார்.

"சார், இது இருபத்திநாலு வோல்ட்."

"ஆமா. அந்த வகையில அதுக்கு மேல கிடையாது."

"பேட்டரி நாப்பத்தெட்டு."

"அதுவும் முதல் தரம்."

"தரம் இருக்கட்டும் சார். ரெண்டும் சேராதே."

"சேராதுன்னா?"

"சேராதுன்னா சேராது. கோத்து விட்டா இன்வெர்ட்டர் புகைஞ்சுடும். இந்தப் பேனலை வரிசையா கோத்தா வர்ற வோல்ட்டையும் இது தாங்காது. அப்புறம் இந்தக் கனெக்டர் ஒரு கம்பெனி, பேனல்ல இருக்கறது வேற கம்பெனி. நுழையும், பூட்டாது. வெயில்ல சூடாகி உருகிடும்." அவர் சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாம் நல்ல சாமான் சார். ஆனா ஒண்ணுக்கொண்ணு ஏழாம் பொருத்தம்."

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் எல்லாத்தோட விவரத்தாளையும் வரி விடாம படிச்சிருக்கேன்" என்றார்.

"படிச்சீங்கன்னா வோல்ட் கண்ல படலியா?"

"பட்டுச்சு. ஆனா அது தரத்துல வராதுங்க. எது எதோட சேருதுன்னு பாக்கறது அசெம்ப்ளி வேலை."

"சரி, அசெம்ப்ளி யாரு?"

சார் பேட்டரியின் பச்சை ஸ்டிக்கரை விரலால் நீவிவிட்டார். மிஷினை ஓடவிட்டுவிட்டு வந்து நின்ற அக்கா பக்கம் திரும்பினார் மெக்கானிக்.

"எங்க வீட்ல அந்தப் பிரிவு இல்லீங்க" என்றார் அக்கா.

அவர் சொல்லி முடிக்கவும் கூடத்து விசிறியின் 'கிரீச்' சத்தம் இழுத்து இழுத்து நின்றது. கரண்ட் போய்விட்டது. முன்னறையில் மிஷினும் நின்றது. அக்கா திரும்பிப் போய்ச் சட்டையைப் பார்த்தார். பாதி விளக்கோடு ஊசி துணிக்குள் நின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது சார் தப்பித்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஒண்ணும் கெட்டுப்போகல. இன்வெர்ட்டரை மட்டும் மாத்தினா போதும். நாளைலருந்து மறுபடி முதல்லருந்து பாக்க ஆரம்பிச்சுடறேன். இந்தத் தடவை இன்னும் ஆழமா பாக்கணும்."

சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம்கூட இருந்தது. அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் பொறுத்தது அந்த ஒரு சந்தோஷத்தில் பொசுக்கென்று அறுந்துபோனது. ஊசியை மெதுவாகத் தூக்கினார். துணியை எடுத்து மடித்தார். போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"வண்டியைக் கொண்டாடா."

"இப்ப என்ன சாமான்க்கா வருது?"

"வரல. போகுது."

மைத்துனனும் வண்டிக்காரன் இன்னொருவனும் சேர்ந்து மிஷினை வெளியே தூக்கினார்கள். மெக்கானிக்கும் தன் பங்குக்கு ஒரு கை பிடித்துவிட்டு, போனில் "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நிஜமாகவே கிளம்பினார். சார் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

"எங்க கொண்டுபோற?"

"கரண்ட் இருக்கற எடத்துக்கு. கடைக்காரம்மா பின்கட்டு ரூம் சும்மா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாங்க. மாடில சோலார் போட்டிருக்காங்களாம்."

"என்ன கம்பெனி பேனல்? விசாரிச்சியா?"

அக்கா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். "விசாரிக்கல."

"கண்ட எடத்துல கொண்டுபோய்... டேய், அந்தக் கயிறு மட்டம்டா!"

"தாங்கும் மாமா" என்றான் மைத்துனன். "நீங்க கொஞ்சம் நகருங்க."

வண்டி போய்விட்டது. அக்கா காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போய் மாலையில் வருவது என்று வழக்கமானது. பெரிய ஆர்டர் குறித்த நாளில் முடிந்தது. அதற்கடுத்து இன்னொரு பள்ளிக்கூடம் வந்தது. எந்தப் புத்தகமும் அதற்குப் பிறகு எரியவில்லை.

சார் விட்டுவிடுகிற ஆள் இல்லை. இன்வெர்ட்டர்களை மறுபடி ஆராய்ந்தார், தேர்ந்தார், மாற்றினார். கனெக்டருக்காக இரண்டு ஊர் போய் வந்தார். கடைசியில் ஒருநாள் எல்லாம் பொருந்தி, மொட்டை மாடியில் பேனல்கள் பளபளவென்று சாய்ந்து உட்கார்ந்தன. வீட்டில் கரண்ட் வழிந்தது. உண்மையிலேயே அது அப்பழுக்கில்லாத வேலைதான். அந்தத் தெருவில் அதுபோல் எவர் வீட்டிலும் இல்லை. ஆனால் பகல் முழுதும் அத்தனை மின்சாரத்தையும் செலவழிக்க அந்த வீட்டில் இருந்தது ஒரு விசிறியும் அதற்குக் கீழே சாரும்தான்.

போன் செய்தார். "கரண்ட் வந்துடுச்சு. சுத்தமான அலை. மிஷினைக் கொண்டுவந்துடு."

"இங்க வேலை ஓடிட்டிருக்குங்க. அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசவில்லை. நாலைந்து தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, நேரிலேயே அழைத்து வரலாம் என்று சார் சீருடைக் கடைக்குக் கிளம்பிப் போனார். பின்கட்டு அறையில் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு மிஷின், புதியது. அதில் ஒரு பெண்ணுக்கு அக்கா வேலை காட்டிக்கொண்டிருந்தார். சார் வந்ததை அக்கா கவனிக்கவில்லை. கடைக்காரம்மாள்தான் நாற்காலி எடுத்துப் போட்டார்.

சாருக்கு உட்காரத் தோன்றவில்லை. "மாடியைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார்.

"தாராளமா பாருங்க. உங்க கண்ணுக்கு ஏதாவது படும்" என்றார் அம்மாள்.

ஏணியில் ஏறும்போதே பையில் பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏதாவது ஒன்று, ஒரு துரு, ஒரு விரிசல், தொங்குகிற ஒரு கம்பி கிடைத்தால் போதும். அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடலாம். பேனல்கள் வரிசையாக வெயிலில் கிடந்தன. முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதின் மேல் மூலையில், சட்டத்தின் பட்டைகள் சேருகிற இடத்தில் நூலிழை அளவு ஏற்றத்தாழ்வு இருந்தது. அதற்குப் பக்கத்தில், வெயிலில் வெளிறி இளஞ்சிவப்பாகிப்போன ஒரு ஸ்டிக்கர்.

தெருமுனைக் கடைக்காரர் அந்தப் பேனலை யார் தலையிலும் கட்ட முடியாமல் வைத்திருந்து, கடைசியில் விலையைக் குறைத்து இந்த அம்மாளுக்குப் போட்டிருக்கிறார். அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கீழே அக்காவின் மிஷின் அதில்தான் ஓடியது.

சார் அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். சாவியால் சுரண்டினார். அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பசை.

"அது வராதுங்க" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அக்கா ஏணியின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். "நானும் தேய்ச்சுப் பாத்துட்டேன்."

"நீ... எப்பப் பாத்தே?"

"வந்த முதல் நாளே. பேனலைத் தொடைக்க ஏறினேன்."

சார் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, பெரிய சலுகை செய்கிற குரலில், "சரி, இதுவும் பரவாயில்லாமத்தான் ஓடுது. இருந்தாலும் நம்ம வீட்ல இருக்கறது வேற தரம். மிஷினை எடுத்துட்டு வந்துடு" என்றார்.

"மிஷின் இங்கயே இருக்கட்டுங்க."

"ஏன்?"

"அதுலயும் சிவப்புதானே ஒட்டி வெச்சிருக்கீங்க? நீங்க தள்ளினதெல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும்."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. அதனால் சொன்னதன் அர்த்தம் சாருக்குப் புரிவதற்கே சற்று நேரம் பிடித்தது. அக்கா ஏணியில் இறங்கிக்கொண்டே, "சாயங்காலம் வந்துடுவேன். அடுப்புல குழம்பு இருக்கு, சூடு பண்ணிக்குங்க" என்று வழக்கம்போலச் சொன்னார்.

சார் வீட்டுக்கு வந்தபோது தெருவில் கரண்ட் இல்லை. அவர் வீட்டில் மட்டும் இருந்தது. முன்னறையில் மிஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு கால்களின் தடம் பதிந்திருந்தது. விசிறியைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே உட்கார்ந்தார். சோலார் கொடுத்த சுத்தமான கரண்ட்டில் அது முழு வேகத்தில் சுற்றியது. முழு வேகத்தில் கத்தியது.

"சத்தம் இறக்கைல இல்ல" என்றார் சார்.

கேட்க ஆள் இல்லை. முன்னறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அக்கா வருகிற நேரத்துக்காக உட்கார்ந்திருந்தார்.